படம் எடுத்த தலைவர்

2009 ஜூன் 10. ரோம் நகரத்துச் சம்பினோ விமான நிலையம். விமானப் படிக்கட்டில் ஒருவர் இறங்குகிறார். ராணுவ உடுப்பு, தோளில் தங்கச் சரிகை, கறுப்புக் கண்ணாடி, மார்பில் பதக்கங்கள். எந்தப் போரில் ஜெயித்ததற்கு இந்தப் பதக்கங்கள் என்று விருந்தாளியைக் கேட்பது மரியாதை இல்லை. அவர் நடத்திய பெரிய போர் பக்கத்து நாடான சாடில் நடந்தது. 1987-ல் டாங்கிகளோடு நின்ற அவருடைய படையை, டொயோட்டா பிக்கப் வண்டிகளில் வந்தவர்கள் அடித்து விரட்டினார்கள். அந்தச் சண்டைக்கு வரலாற்றிலேயே ‘டொயோட்டா போர்’ என்றுதான் பெயர். இலவச விளம்பரத்துக்கு நன்றியாக அந்தக் கம்பெனிக்காரர்கள் ஒரு பதக்கம் கொடுத்திருந்தால் அது ஒன்றாவது நியாயமாகச் சம்பாதித்ததாக இருந்திருக்கும்.

பதக்கங்கள் போதாதென்று உடுப்பில் ஒரு கறுப்புவெள்ளைப் புகைப்படத்தையும் குத்திக்கொண்டு வந்திருந்தார். படத்தில் ஒரு கிழவர். வெள்ளை உடை, வெள்ளைத் தாடி, கைகளில் சங்கிலி. சுற்றிலும் இத்தாலிய அதிகாரிகள், வேட்டையில் விழுந்த மிருகத்தோடு படம் பிடித்துக்கொள்பவர்களைப் போல நிமிர்ந்து நிற்கிறார்கள். கிழவருடைய வயதான மகனையும் கையோடு கூட்டிவந்திருந்தார்கள். கீழே வரவேற்கக் காத்திருந்தவர் இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனி. வந்தவர் லிபியாவின் கர்னல் கடாபி. உலகப் பத்திரிகைகள் எல்லாம் அந்த மார்பைத்தான் படம் பிடித்தன. அடிமைப்படுத்தியவனின் தலைநகரில் அடிமைச் சங்கிலியைக் காட்டிய சிங்கம் என்று புல்லரித்தவர்களும் உண்டு.

தமிழில் ‘படம்’ என்ற சொல் ரொம்ப வசதியானது. சட்டையில் குத்துவதும் படம், தியேட்டரில் ஓடுவதும் படம், பாம்பு எடுப்பதும் படம். கடாபிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மூன்று படத்தையும் எடுத்தவர்.

கிழவரிலிருந்து தொடங்குவதுதான் முறை. உமர் முக்தார் குர்ஆன் ஓதிக்கொடுத்த வாத்தியார். சனூசி என்ற சமய அமைப்பின் பள்ளிகளில் படித்து, அந்த அமைப்பிலேயே ஷேக் ஆனவர். 1911-ல் இத்தாலி கப்பல்களோடு வந்து திரிபோலியைப் பிடித்தபோது அவருக்கு வயது ஐம்பதை ஒட்டி. அந்த ஆண்டு நவம்பர் 1-ல் ஓர் இத்தாலிய விமானி கையால் குண்டை எடுத்துக் கீழே வீசினார். ஆகாய விமானத்திலிருந்து மனிதர்மேல் குண்டு போடும் நாகரிகத்தை உலகம் கற்றுக்கொண்டது லிபியாவின் தலையில்தான். வாத்தியார் அதன்பிறகு இருபது வருஷம் மலையிலும் பாலைவனத்திலும் குதிரைமேல் கிடந்தார்.

அவருடைய தலைமை எப்படி இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்தவருக்குத் ‘தலைவர்’ என்றுதான் பட்டம். கிழக்கு லிபியாவின் பச்சை மலையில் குலத்துக்குக் குலம் சிறு சிறு குதிரைப்படை. ஒருவன் செத்தால் அவன் குலம் இன்னொருவனை அனுப்பும். பகலில் இத்தாலிக்கு அடங்கியிருக்கும் கிராமம் இரவில் கிழவருக்குத் தானியமும் வரியும் கொடுத்துவிடும். யாருடைய தோளிலும் சரிகை கிடையாது. அவர் மார்பில் யார் படமும் இல்லை. 1929-ல் ஆளுநர் பாதோலியோ கூடாரம் போட்டுப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். கிழவர் போய்ப் பேசினார். பேச்சு முறிந்ததும் திரும்பவும் மலை ஏறிவிட்டார்.

இத்தாலியத் தளபதி கிராசியானி ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டார்: இந்தக் கிழவரைத் தோற்கடிப்பதற்குக் கிழவரோடு சண்டை போட வேண்டியதில்லை. மீன் கையில் சிக்காவிட்டால் குளத்தையே இறைத்துவிடலாம். 1930-ல் ஒரு லட்சம் பேரை, ஆடு மாடு ஒட்டகத்தோடு, மலையிலிருந்து ஓட்டிவந்து பாலைவனக் கரையோர முகாம்களில் அடைத்தார்கள். சுலூக், மக்ரூன், மர்சா பிரேகா, அல் அகெய்லா. எகிப்திலிருந்து ஒரு மூட்டை மாவுகூட வரக்கூடாதென்று எல்லையில் 270 கிலோமீட்டருக்கு முள்வேலி. முகாம்களில் பசியிலும் நோயிலும் கயிற்றிலும் செத்தவர்கள் குறைந்தது நாற்பதாயிரம் என்பது பல ஆய்வாளர்களின் கணக்கு. 1931 செப்டம்பர் 11-ல் குதிரை சுடப்பட்டு விழ, கிழவர் பிடிபட்டார். 15-ம் தேதி பெங்காசியில் விசாரணை என்ற பெயரில் ஒன்று நடந்தது. 16-ம் தேதி காலை சுலூக் முகாமில், அடைபட்டிருந்த இருபதாயிரம் பேரைக் கூட்டிவைத்து அவர்கள் கண்முன்னால் தூக்கில் போட்டார்கள். எழுபதைத் தாண்டியவரை.

இந்தக் கதையைத்தான் 1981-ல் ‘லயன் ஆஃப் தி டெசர்ட்’ என்று படமாக எடுத்தார்கள். பணம் கடாபியின் அரசாங்கத்துடையது, சுமார் 35 மில்லியன் டாலர். இயக்கியவர் சிரியாவின் அலெப்போவில் பிறந்து அமெரிக்கா போன முஸ்தபா அக்காத். உமர் முக்தாராக ஆன்டனி குவின், கிராசியானியாக ஆலிவர் ரீட், முசோலினியாக ராட் ஸ்டைகர். அக்காத்துக்கு இன்னொரு முகமும் உண்டு: ‘ஹாலோவீன்’ என்ற முகமூடிக் கொலைகாரன் படவரிசையின் தயாரிப்பாளர் அவர்தான். கொலைகாரன் படத்தில் கொட்டிய காசு சுதந்திரப் படத்தில் வரவில்லை. பெருத்த நஷ்டம். நல்லவேளை, நஷ்டம் அவருடையதில்லை, லிபிய எண்ணெயுடையது.

படத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகாம்களை இவ்வளவு நேராகக் காட்டிய வேறு பெரிய படம் கிடையாது. கிராசியானியின் மேஜைக்கு முன்னால் விலங்கோடு நிற்கும் குவினின் முகத்தைப் பார்த்தால், போருக்குப் போன கிழவராகத் தெரியாது, பள்ளிக்கூடம் விட்டு வந்த வாத்தியார் மாதிரிதான் இருக்கும். கடைசியில் தூக்கு மேடையில் அவருடைய மூக்குக் கண்ணாடி கீழே விழ, ஒரு சின்னப் பையன் ஓடிவந்து எடுத்துக்கொள்கிறான். கல்லையும் கரைக்கிற காட்சி. பணம் போட்ட கடாபியைத்தான் அது கரைக்கவில்லை.

பணம் போட்டவர் கதையில் கை வைப்பார் என்பது கோடம்பாக்கத்துக்கு மட்டும் உரிய விதி இல்லை. உமர் முக்தார் சனூசி அமைப்பின் ஆள். அந்த அமைப்பின் தலைவர் இத்ரிஸ்தான் 1951-ல் சுதந்திர லிபியாவின் மன்னர் ஆனார். அந்த மன்னரை 1969 செப்டம்பர் 1-ல் கவிழ்த்துத்தான் கடாபி வந்தார். வந்ததும் சனூசி அமைப்பை நசுக்கினார். ஆகவே படத்தில் இத்ரிஸ் என்று ஒரு பாத்திரமே இல்லை. தளபதி இருக்கிறார், அவர் யாருக்காகப் படை நடத்தினாரோ அந்தத் தலைமை காணாமல் போய்விட்டது. கடவுளுக்கும் கிழவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக விடப்பட்டிருக்கிறது. அதில் யார் வந்து உட்கார வேண்டும் என்பதைப் பார்வையாளரின் புத்திக்கே விட்டுவிட்டார்கள்.

படம் உருவாகிக்கொண்டிருந்த 1979-ல், திரையில் அந்நியப் படையை எதிர்த்து வீரர்கள் சாகும் காட்சிகள் ஒரு பக்கம் இருக்க, நிஜ லிபிய வீரர்கள் உகாண்டாவில் செத்துக்கொண்டிருந்தார்கள். யாருக்காக? இடி அமீனுக்காக. கூலி இல்லாமல் சாகக் கிடைத்த மகத்தான லட்சியம் அது. 1980-ல் வெளிநாட்டில் தஞ்சம் புகுந்த லிபியர்களைத் ‘தெருநாய்கள்’ என்று அறிவித்து, ரோமிலும் லண்டனிலும் ஆளனுப்பிச் சுட்டார்கள். அடுத்த வருஷம் சுதந்திரப் படம் ரிலீஸ்.

இத்தாலி சும்மா இருந்ததா? 1982-ல் படத்துக்குத் தடை போட்டது. காரணம், ராணுவத்தின் மானம் போகிறதாம். ஒரு லட்சம் பேரை வேலிக்குள் அடைத்தபோது போகாத மானம், எழுபது வயதுக் கிழவர் கழுத்தில் கயிற்றை மாட்டியபோது போகாத மானம், ஆலிவர் ரீட் தொப்பி போட்டுக்கொண்டு நடித்ததும் போய்விட்டது. 1987-ல் திரெந்தோ ஊரில் சில சமாதான ஆர்வலர்கள் படத்தைப் போட முயன்றபோது போலீஸ் வந்து நிறுத்தியது. நிஜ கிராசியானிக்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. லிபியாவுக்குப் பிறகு எத்தியோப்பியாவுக்குப் போனார். 1937-ல் அடிஸ் அபாபாவில் அவர் ஆட்சியில் நடந்த படுகொலையை எத்தியோப்பியர்கள் இன்றும் ஆண்டுதோறும் நினைக்கிறார்கள். அவருக்கு 1950-ல் 19 வருஷம் சிறை விதித்தார்கள், லிபியாவுக்காகவும் இல்லை, எத்தியோப்பியாவுக்காகவும் இல்லை, நாஜிகளோடு சேர்ந்ததற்காக. சில மாதங்களில் வெளியே வந்தார். 1955-ல் படுக்கையில் செத்தார். 2012-ல் அஃபிலே என்ற ஊரில் அவருக்குப் பொதுப்பணத்தில் நினைவுமண்டபம் கட்டித் திறந்தார்கள். படம் எடுத்தால்தான் மானம் போகும், மண்டபம் கட்டினால் போகாது.

இரண்டு நாடும் ஜென்மப் பகையாளிகள் என்று நினைத்துவிட வேண்டாம். 1970-ல் கடாபி இருபதாயிரம் இத்தாலியக் குடியேறிகளைச் சொத்தைப் பிடுங்கி விரட்டினார். சவப்பெட்டிகளைக்கூடத் தோண்டி எடுத்துப் போனார்கள். இத்தாலிய எண்ணெய்க் கம்பெனி மட்டும் போகவில்லை, தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. 1976-ல் லிபியா பியட் கார் கம்பெனியில் பங்கு வாங்கியது. படம் தடைசெய்யப்பட்ட நாளிலும் அந்தப் பங்கு அங்கேதான் இருந்தது. பின்னாளில் யுவென்டஸ் கால்பந்து கிளப்பிலும் பங்கு. கடாபியின் பிள்ளை ஒருவர் இத்தாலிய லீகில் ஆடவும் போனார், ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினார். காலனியம் தந்த காயம் ஆறவில்லை என்று அப்பா மேடையில் சொல்லும்போது பிள்ளை பெருஜியாவின் பெஞ்சில் உட்கார்ந்து அந்தக் காயத்துக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது பெங்காசிக்கு வருவோம். 1984 ஜூன் 5, ரமலான் மாதம். சுலூக் முகாம் இருந்த இடத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். கூடைப்பந்து விளையாட்டரங்கத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவந்து உட்காரவைத்திருக்கிறார்கள். நடுவில் வெறும் தரையில், கைகள் பின்னால் கட்டப்பட்டு, ஓர் இளைஞன். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய என்ஜினீயர். அழுதுகொண்டே ஒலிபெருக்கியில் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான். விசாரணை என்றால் ஏதோ பேசுவார்கள், கேட்பார்கள் என்று பிள்ளைகள் நினைத்திருப்பார்கள். தூக்கு மேடையை உள்ளே கொண்டுவந்தார்கள். கயிற்றில் அவன் துடித்துக்கொண்டிருக்கையில், கூட்டத்திலிருந்து ஒரு பெண் ஓடிவந்து அவன் கால்களைப் பிடித்து இழுத்துத் தொங்கினாள். எல்லாம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அந்தப் பெண் பிறகு பெங்காசியின் மேயர் ஆனார்.

குவின் தூக்கில் தொங்கிய காட்சிக்கு மூன்று வருஷம் கழித்து எடுத்த இரண்டாம் பாகம் இது. தயாரிப்பாளர் அதே கடாபிதான். செலவு ரொம்பக் குறைவு, நடிகர்களுக்குச் சம்பளம் இல்லை. முதல் பாகத்தில் ஊரைக் கூட்டிவைத்துத் தூக்கில் போட்டது கிராசியானி, ஊர் பயப்பட வேண்டும் என்பதற்காக. இரண்டாம் பாகத்திலும் காரணம் மாறவில்லை. கிழவரின் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடின பையனுக்குக் கதையில் இடம் இருந்தது. இங்கே கேலரியில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு எடுத்துப்போக ஒன்றும் விழவில்லை. தயாரிப்பாளர் தன் படத்தைத் தானே பார்த்திருக்கிறாரா என்று ஒரு காலத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. இப்போது இல்லை. பார்த்திருக்கிறார். கிராசியானியின் பாத்திரத்தைக் குறிப்பெடுத்துக்கொண்டே பார்த்திருக்கிறார்.

வீரம் பற்றிய படத்தில் ஒரு பெரிய தொல்லை உண்டு, அதைப் பணம் போட்டவர் சொன்ன மாதிரிதான் ஜனங்கள் பார்க்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 1985-ல் ஸ்ரீநகரில் இந்தப் படம் ஓடியபோது, தியேட்டரை விட்டு வெளியே வந்த இளைஞர்கள் முஷ்டியை உயர்த்திக் கோஷம் போட்டார்கள், காஷ்மீர்த் தலைவர் ஷேக் அப்துல்லாவின் படங்களைக் கிழித்தார்கள். லிபிய எண்ணெய்ப் பணத்தில், மெக்சிகோவில் பிறந்த நடிகரை வைத்து, இத்தாலியைத் திட்டி எடுத்த படத்துக்கும் காஷ்மீருக்கும் என்ன சம்பந்தம் என்று தியேட்டருக்கு வெளியே நின்ற போலீஸ்காரர் தலையைச் சொறிந்திருக்கலாம். உள்ளே இருந்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வரவில்லை.

லிபியர்களுக்கும் வரவில்லை, அதுதான் கடாபிக்குத் தலைவலி. கிழவருக்கு பெங்காசி நடுவில் ஒரு நினைவிடம் இருந்தது. ஊர்க்காரர்கள் அந்தப் பக்கம் கூடுவார்கள். எலும்பை எடுத்து சுலூக்கில் கொண்டுபோய் வைத்தார்கள், 2000-ல் நினைவிடத்தையும் இடித்தார்கள். சிங்கத்தின் படத்தை மார்பில் குத்தலாம், பத்து தினார் நோட்டில் அச்சடிக்கலாம், அதன் சமாதி மட்டும் ஊர் நடுவில் இருக்கக்கூடாது. இத்தாலியர்கள் கிழவரை சுலூக்குக்கு உயிரோடு கொண்டுபோனார்கள், தலைவர் எலும்பாகக் கொண்டுபோனார். இதற்கு நாலு வருஷம் முன்னால், 1996 ஜூனில், திரிபோலியின் அபு சலீம் சிறையில் சாப்பாடு சரியில்லை, குடும்பத்தைப் பார்க்க விடுங்கள் என்று கலகம் செய்த கைதிகளை முற்றத்தில் நிறுத்திச் சுட்டார்கள். ஆயிரத்து இருநூறு பேர் என்கின்றன மனித உரிமை அமைப்புகள். வீட்டாருக்குச் சொல்லவில்லை. தாய்மார்கள் வருஷக்கணக்காகச் சிறை வாசலில் துணியும் சாப்பாடும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள், காவலர்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். செத்த பிள்ளைக்குத் தாய் கட்டிக்கொடுத்த சாப்பாட்டைத் தின்ற ஆட்சி, ரோமில் போய் மனித கண்ணியம் பற்றிப் பாடம் எடுத்தது.

அந்த ரோம் பயணத்தின் பின்னணி ஓர் ஒப்பந்தம். 2008 ஆகஸ்ட் 30-ல் பெங்காசியில் வைத்து பெர்லுஸ்கோனி காலனிய ஆட்சிக்காக மன்னிப்புக் கேட்டார். நஷ்டஈடு 5 பில்லியன் டாலர். அதிலும் சாமர்த்தியம்: கடற்கரை நெடுக நெடுஞ்சாலை போடுவார்கள், போடுவது இத்தாலியக் கம்பெனிகள். வலது பையில் இருந்து எடுத்து இடது பையில் போட்டுக்கொண்டு, நடுவில் ஒரு கும்பிடு. பதிலுக்கு லிபியா செய்ய வேண்டியது எளிது: எண்ணெயும் எரிவாயுவும் வரட்டும், ஆப்பிரிக்க ஏழைகளின் படகு வரக்கூடாது. 2009 மே மாதம் நடுக்கடலில் சோமாலியர்களும் எரித்ரியர்களும் இருந்த படகுகளை இத்தாலியக் கப்பல்கள் மறித்து, ஏற்றிக்கொண்டு, எங்கே போகிறோம் என்றே சொல்லாமல் திரிபோலித் துறைமுகத்தில் இறக்கி லிபியரிடம் ஒப்படைத்தன. அடுத்த மாதமே, விருந்தாளி மார்பில் சங்கிலிக் கிழவரோடு ரோமில் இறங்குகிறார். டோரியா பம்பீலி பூங்காவில் அவருக்குக் கூடாரம் அடித்துக்கொடுத்தார்கள். மறுநாள், 27 வருஷமாக ராணுவ மானத்தைக் காப்பதற்காகப் பூட்டிவைத்த படத்தை இத்தாலியில் ஸ்கை தொலைக்காட்சி போட்டது. மானத்தின் விலை தெரிந்துவிட்டது: சில பீப்பாய் எண்ணெய், சில படகு மனிதர்கள். அடுத்த வருஷம் சிர்த் நகரில் பெர்லுஸ்கோனி குனிந்து கடாபியின் கையில் முத்தமிட்டார். அதையும் படம் பிடித்தார்கள்.

2011 பிப்ரவரியில் அபு சலீம் தாய்மார்களின் வக்கீலைப் பிடித்து உள்ளே வைக்க, பெங்காசி வெடித்தது. தெருவில் வந்தவர்கள் தூக்கிப் பிடித்தது யார் படம் என்று நினைக்கிறீர்கள்? அதே கிழவர். தலைவர் தொலைக்காட்சியில் கத்தினார். அவர்கள் எலிகளாம். ராஜினாமா செய்யச் சொல்கிறார்களே, தனக்குத்தான் பதவியே இல்லையே என்றார். சட்டப்படி உண்மை. 1979-லேயே எல்லாப் பதவியையும் துறந்துவிட்டு வெறும் ‘வழிகாட்டி’யாக இருந்தவர். வழியைக் காட்டுவார், அதில் நடக்காதவனைச் சுடுவார், அவ்வளவுதான். 2011 அக்டோபர் 20-ல் சிர்த் அருகே ஒரு சாலையடி வடிகால் குழாயிலிருந்து அவரை இழுத்து வெளியே போட்டார்கள். விசாரணை இல்லை. கிராசியானிகூட ஒன்றை நடத்திக் காட்டினார். கொன்றவர்கள் அதையும் செல்போனில் படம் எடுத்தார்கள்.

2009-ல் அந்தப் படகு மனிதர்களை நடுக்கடலில் மடக்கித் திருப்பி அனுப்பியது சட்டவிரோதம் என்று 2012 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கடாபி செத்திருந்தார், பெர்லுஸ்கோனி பதவி இழந்திருந்தார். ஐந்து வருஷம் பொறுத்து, 2017 பிப்ரவரி 2-ல், இரு நாட்டிலும் புதிதாக வந்தவர்கள் உட்கார்ந்து இன்னோர் ஒப்பந்தம் போட்டார்கள். இந்த முறை இத்தாலி யாரையும் திருப்பி அனுப்பவில்லை. லிபியக் கடலோரக் காவல்படைக்குப் பணமும் பயிற்சியும் கொடுக்கிறது, அவர்களே பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்தவர்களைக் கொண்டுபோய் அடைக்க லிபியக் கரையில் முகாம்கள் இருக்கின்றன. வேலியும் உண்டு. விரட்டிப் பிடிக்கிற ரோந்துப் படகுகளையும் இத்தாலிதான் கொடுத்தது.